பிள்ளையின் குறைக்கு மருமகள்தான் பொறுப்பா?



பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். வட திருநள்ளாறு என்று பெயர் பெற்ற தலம். பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை என்று சுற்றுவட்டாரமே சனீஸ்வரன் சன்னிதியில் நிற்கும். வரிசையில் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி இளம் தாய்மார்களும் இருப்பார்கள். கரு தங்கவில்லை, பிள்ளைக்கு வளர்ச்சி சரியில்லை, பேச்சு வரவில்லை என்று ஆளுக்கு ஒரு கவலை.

கோயிலுக்குப் போவது மனசுக்குத் தெம்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால், "யாரால் வந்தது இது?" என்று பேச்சு எழும்போது, பெரும்பாலான வீடுகளில் பதில் முன்கூட்டியே தயாராக இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. பப்பாளி தின்றாள், கிரகணத்தில் வெளியே போனாள், அவள் ஜாதகம் சரியில்லை... இப்படி எதையாவது சொல்லி மருமகள் தலையில் கட்டிவிடுகிறோம், இல்லையா?

இந்தப் பக்கத்துக்கு மாதாமாதம் எழுதும் ஒரு வாசகி, தனக்கு முத்துப்பிள்ளை உண்டாகிக் கலைந்ததைப் பற்றி எழுதியிருந்தார். வயிறு வேகமாகப் பெரிதாகியிருக்கிறது. ஸ்கேனில் குழந்தையே இல்லை; திராட்சைக் கொத்துபோல் நீர்க் குமிழிகள் மட்டும். டி அண்ட் சி செய்து வீட்டுக்கு வந்தவரிடம் உறவினர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "நீ என்னம்மா சாப்பிட்டே?"

அந்த வாசகிக்காகத்தான் இந்தப் பக்கம்.

குழந்தை இல்லாத முழு முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் இருப்பது அப்பாவின் ஜீன்கள் மட்டுமே. கருமுட்டையில் தாயின் குரோமோசோம்கள் இல்லாமல் போய், தந்தையின் உயிரணுவில் வந்தவை இரட்டிப்பாகிவிடுகின்றன. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குழந்தை உருவாகாது. நச்சுக்கொடித் திசு மட்டும் பெருகும். ஏன்?

இந்த 'ஏன்' விஞ்ஞானிகளையும் படுத்தி எடுத்தது. 1984-ல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும் (கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர்), அமெரிக்காவில் டேவர் சோல்ட்டரும் தனித்தனியாக எலிக் கருக்களை வைத்துச் சோதித்தார்கள். தாய் வழி ஜீன்களை மட்டும் இரண்டு பங்கு வைத்தால், கரு ஓரளவு உருவாகிறது, நச்சுக்கொடி தேறவில்லை. தந்தை வழி மட்டும் இரண்டு பங்கு என்றால் நச்சுக்கொடித் திசு வளர்கிறது, கரு தேறவில்லை. இரண்டுமே பிழைக்கவில்லை. அம்மாவிடமிருந்து வரும் சில ஜீன்களும் அப்பாவிடமிருந்து வரும் அதே ஜீன்களும் வெவ்வேறு குறி வாங்கிக்கொண்டு வருகின்றன என்பது அப்போதுதான் உறுதியானது. ஜீனோமிக் இம்ப்ரிண்டிங் என்கிறார்கள். 2018-ல் இருவருக்கும் கனடாவின் கெயர்ட்னர் விருது கிடைத்தது.

இதற்கு முன்பே நம் பக்கத்து ஊரில் ஒருவர் இதே விஷயத்தைத் துருவிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பெருமையான செய்தி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் எச். சரத் சந்திரா. அவர் எடுத்துக்கொண்டது எலியோ குரங்கோ அல்ல, மாவுப்பூச்சி. ஆமாம், உங்கள் வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுபோல் அப்பிக்கிடக்குமே, வேப்ப எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடிக்கிறோமே, அதேதான்.

அந்தப் பஞ்சை விரலால் விலக்கினால் தெரிவது பெரும்பாலும் பெண் பூச்சி. இறக்கை கிடையாது. ஆணுக்கு இறக்கை உண்டு. நம் கண்ணில் படாத அளவுக்குப் பொடிசு. ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் மாவுப்பூச்சி இனத்துக்கு அம்மா தந்த ஐந்து, அப்பா தந்த ஐந்து என்று மொத்தம் 10 குரோமோசோம்கள். பெண் பூச்சியில் பத்தும் வேலை செய்யும். ஆண் பூச்சியிலோ அப்பா தந்த ஐந்தும் சுருண்டு இறுகி வாயடைத்துப்போகும். அந்த ஆண் தன் உயிரணுவை உண்டாக்கும்போது, அம்மா தந்ததை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு அனுப்பும். ஒரே ஜீன்தான், யாரிடமிருந்து வந்தது என்பதை வைத்து அதன் தலைவிதி மாறுகிறது. 1975-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் பிரவுனோடு சேர்ந்து சரத் சந்திரா நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, இப்படிப்பட்ட குறியீடு நம்மைப் போன்ற பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோம் விஷயத்திலும் நடக்கலாம் என்று பேசியது. பேராசிரியை வாணி பிரம்மச்சாரி பெங்களூரிலும் பிறகு டெல்லியிலும் மாவுப்பூச்சி ஆய்வைத் தொடர்ந்தார்.

நம் உடம்பில் இப்படிக் குறி வாங்கிய ஜீன்கள் சுமார் நூறுதான். இவற்றில் அம்மா தந்தது, அப்பா தந்தது இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யும். ஆனால் அந்தச் சில ஜீன்கள் பிசகினால் வீடே ஆடிப்போகிறது. ஒரு வீட்டில் இ.பி. லைன், இன்வெர்ட்டர் லைன் இரண்டும் இருக்கின்றன என்று வையுங்கள். சமையலறை விளக்கை இன்வெர்ட்டரில் மட்டுமே கொடுத்திருந்தால், இன்வெர்ட்டர் பழுதானதும் அந்த விளக்கு அவ்வளவுதான். இ.பி.யில் கரண்ட் இருந்தும் பிரயோஜனமில்லை.

பதினைந்தாவது குரோமோசோமில் அப்படியொரு இடம் இருக்கிறது. அங்கே அப்பா தந்த துண்டு விட்டுப்போனால் பிராடர்-வில்லி என்ற நோய். பிறந்த குழந்தை துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. சில வருடங்களில் நிலைமை தலைகீழாகிவிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. சமையலறையையும் ஃபிரிட்ஜையும் பூட்டி வைக்க வேண்டிய நிலை பெற்றோருக்கு. அதே இடத்தில் அம்மா தந்த துண்டு விட்டுப்போனால் வேறொரு நோய், ஏஞ்சல்மன். குழந்தை சிரித்துக்கொண்டே இருக்கும், பேச்சு வராது, வலிப்பு வரும், நடை தடுமாறும்.

'சாப்பாட்டு ராமன்' என்று பட்டம் வாங்கும் பிள்ளைகளும், 'எப்பவும் சிரிச்ச முகம்' என்று கொஞ்சப்படும் பிள்ளைகளும் எல்லாரும் நோயாளிகள் இல்லை. இந்த நோய்கள் இரண்டும் அபூர்வமானவை. ஆனால் துவண்ட குழந்தைக்கு ரத்தத்தில் இந்தக் குறியைப் பார்க்கும் மெத்திலேஷன் பரிசோதனை செய்தால் பிராடர்-வில்லியைக் கண்டுபிடித்துவிடலாம். சீக்கிரம் தெரிந்தால் உணவுக் கட்டுப்பாடு, குரோத் ஹார்மோன், பயிற்சி என்று நிறையச் செய்யலாம். பெரும்பாலான குடும்பங்களில் அந்தத் துண்டு விட்டுப்போவது தற்செயல். அப்பா தந்த துண்டு என்பதால் அப்பாவைப் பழிப்பதும் அநியாயம்தான். யாரும் எதையும் தின்று வந்ததில்லை இது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எபிஜெனிட்டிக்ஸ் என்ற சொல் யூடியூப் வழியே நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஜீனின் எழுத்து மாறாமலே அது வேலை செய்வதா வேண்டாமா என்பதை மாற்றும் ரசாயனக் குறிகள், அவ்வளவுதான் விஷயம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நாஜிகளின் முற்றுகையால் பஞ்சம். அப்போது கருவானவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ச்சிக்குக் காரணமான ஐ.ஜி.எஃப்.2 ஜீனில், கூடப் பிறந்தவர்களைவிட இவர்களுக்கு மெத்தில் குறி குறைவாக இருந்தது. வித்தியாசம் சின்னதுதான். ஆனாலும் அத்தனை வருடம் அழியாமல் இருந்திருக்கிறது.

இதைக் கேட்டவுடன் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? "பாரு, நீ ஒழுங்காச் சாப்பிடலை, பிள்ளைக்கு ஜீனே மாறிப்போச்சு." பழைய பழிக்குப் புதுப் பெயர்! அந்த நெதர்லாந்துத் தாய்மார்கள் விரும்பியா பட்டினி கிடந்தார்கள்? ரொட்டி வரும் வழியை வேறு யாரோ அடைத்தார்கள்.

நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஐந்து மாத வயிற்றோடு காலையில் பல்லாவரத்தில் ரயில் ஏறி கிண்டிக்கு வேலைக்குப் போய்விட்டு, இரவு எல்லோருக்கும் தோசை வார்த்துப்போட்டு, மிச்ச மாவில் ஒன்றைத் தனக்கு ஊற்றிக்கொள்கிறாளே, அவளைக் கேள்வி கேட்பதற்கு முன், கல்லுக்கு முன்னால் யாராவது நிற்கலாமே? இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டாளா என்று கணவர் கேட்கலாமே?

சர்க்கரைப் பரிசோதனையும் அப்படித்தான். சென்னை டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திய முறையில் வெறும் வயிற்றோடு போக வேண்டியதுகூட இல்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கவனிப்பார்கள். அந்த 2 மணி நேரம் அவளோடு யாராவது போய் உட்கார்ந்திருங்கள்.

அந்த வாசகியைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: முத்துப்பிள்ளை கலைந்த பிறகு எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு இயல்புக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அடுத்த கர்ப்பம் கூடாது. எஞ்சிய முத்துப்பிள்ளைத் திசு சிலருக்குப் புற்றுநோயாக மாறலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். 'ஒரு தடவை பார்த்தாச்சே' என்று நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பரிசோதனைகளுக்குக் கணவரும் போகட்டும், முடிந்தால் மாமியாரும் போகட்டும். டாக்டர் சொன்னதை மருமகள் வந்து திருப்பிச் சொன்னால் நம்பாத வீடுகள் இருக்கின்றன. நேரிலேயே கேளுங்கள்: "டாக்டர், இது எதனால வந்தது?"

அன்புடன்,
ஆசிரியர்