நம் செய்தியை வரிசைப்படுத்துவது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு, அதுவும் கணனி பற்றியது. ஆனாலும் ஊர் வட்ஸ்அப் குழுக்களின் அட்மின்மாரும், ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் முழுதாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2018 மார்ச்சில் திகன பக்கம் தொடங்கிய வன்முறை அக்குறணை வரை வந்தது. மாத்தளையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று பரிசோதனையில் தெரிய வந்தது. ஆனால் அதற்கு முன்பே வீடியோ நாடு முழுக்கப் போய்விட்டது. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சுமார் ஒரு வாரம் மூடி வைத்தது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனமே அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்புக் கேட்டார்கள், சரி. ஆனால் காலையில் போனைத் திறந்ததும் எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதை இன்றைக்கும் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். எந்தக் கணக்கில் தீர்மானிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஈமெக்ஸ் என்று ஒரு இலவச எழுதுகருவி இருக்கிறது. நோட்பேட் மாதிரித்தான், ஆனால் பல மடங்கு பெரியது. அதற்குள்ளேயே க்னூஸ் என்ற செய்தி வாசிப்பான் இருக்கிறது. பேஸ்புக் பிறக்கும் முன்னே, யூஸ்நெட் குழுமங்களில் உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் மசநொபு உமெதா என்ற ஜப்பானியர் தொடங்கியது. பிறகு நோர்வேக்காரரான லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன் 1990களின் நடுப்பகுதியில் புதிதாக எழுதினார். யூஸ்நெட் இப்போது கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. ஆனால் செய்தித் தளங்கள் தரும் ஆர்.எஸ்.எஸ். ஓடையையும் க்னூஸ் வாசிக்கும். (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இந்தியாவில் இருக்கும் அந்த ஆர்.எஸ்.எஸ். இல்லை இது!)

எனக்கு இதில் பிடித்தது ஒரே விஷயம். க்னூஸிலும் ஒவ்வொரு செய்திக்கும் புள்ளி உண்டு. புள்ளி கூடினால் மேலே வரும், குறைந்தால் கீழே போகும் அல்லது மறையும். ஆனால் அந்தப் புள்ளியைப் போடுகிறவர் நீங்கள். நீங்கள் போட்ட புள்ளியெல்லாம் உங்கள் கணனியிலேயே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். திறந்து பார்க்கலாம், அழிக்கலாம். வாசித்து முடித்த செய்தி மறுபடி வந்து நிற்காது. எல்லாம் முடிந்தால் முடிந்ததுதான். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்காது.

விண்டோஸில் அமைப்பது பெரிய வித்தையில்லை, ஆனால் இரண்டு இடத்தில் ஆட்கள் சிக்குவார்கள். ஒன்று, அமைப்புக் கோப்பை எங்கே வைப்பது என்பது. டொக்கியுமென்ட்ஸில் வைத்தால் ஈமெக்ஸ் பார்க்காது. ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் என்ற மறைந்திருக்கும் போல்டரைத்தான் அது தன் வீடாக நினைக்கும். மற்றது, க்னூஸ் திறந்ததும் பழைய பழக்கத்தில் ஒரு யூஸ்நெட் சேர்வரைத் தேடி, கிடைக்காமல் முரண்டு பிடிக்கும். முதன்மைச் செய்தி மூலம் எதுவுமில்லை என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் அடங்கிவிடும். பிறகு பெரிய ஜீ, பெரிய ஆர் இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டி ஓடையின் முகவரியைக் கொடுத்தால் போதும். தமிழ் எழுத்து உடையாமல் தெரிய 2020இல் வந்த 27ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ போடுங்கள். எழுத்துருவுக்கு விண்டோஸோடு வரும் நிர்மலா போதும்.

"இதிலும் நமக்குப் பிடித்ததை மட்டும்தானே வாசிப்போம், என்ன வித்தியாசம்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் பீபீசி தமிழோடு பீபீசி சிங்களத்தையும் சேர்க்கச் சொல்கிறேன். சிங்களப் பத்திரிகை நம்மைப் பற்றி என்ன எழுதுகிறது என்று கடைத்தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறோம். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து வாசித்திருக்கிறோம்? பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழி சிங்களத்துக்கும் அது உதவும்.

செய்தி வாசிப்பான் பொய்யை உண்மையாக்காது, உண்மையைப் பொய்யாக்காது. வந்த செய்தி யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் காட்டும். "போர்வேர்ட் செய்யப்பட்டது" என்று வரும் வொய்ஸ் கட்டில் அதுகூட இல்லையே. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனத்தை ஜும்ஆ குத்பாவில் கேட்காதவர் நம் ஊரில் இல்லை. கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைப் போடும் முன்னே போர்வேர்ட் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லோரும் ஈமெக்ஸ் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது கஷ்டமானவர்களுக்கு தண்டர்பேர்ட் இருக்கிறது, அதுவும் இலவசம், ஓடைகளை வாசிக்கும். என் கோரிக்கை சின்னது. பாடசாலை ஐ.சி.டி. அறையில் ஒரு கணனி, பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒன்று, வாசிகசாலையில் ஒன்று. அதில் பத்துப் பன்னிரண்டு ஓடைகள், மூன்று மொழியிலும். குழுவில் ஏதாவது பயங்கரமான செய்தி வந்தால் அட்மின் முதலில் அங்கே போய்ப் பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலை.

அமைப்புக் கோப்பைத் தமிழில் விளக்கக் குறிப்போடு எழுதி வைத்திருக்கிறேன். மடிக்கணனி உள்ளவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன். மவுஸும் சார்ஜரும் மறக்க வேண்டாம்.