கைப்பேசிக்குள் ஒரு தாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் வீடு திரும்பிய என் மனைவிக்கு, ஆஸ்பத்திரியார் மருந்துச் சீட்டோடு கைப்பேசிச் செயலி ஒன்றையும் அளித்திருந்தனர்; அது தினந்தோறும் காலையில் ஜுரம் உண்டா, வலி பத்துக்கு எவ்வளவு என்று விசாரித்து, தையலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, காலை மடக்கி நீட்டும் அப்பியாசங்களையும் ஞாபகப்படுத்துகிறது. ஒன்பதாம் நாள் தையலோரத்தில் கண்ட சிவப்பையும் கசிவையும் அற்பமென்று நாங்கள் எண்ணியிருக்க, படத்தைப் பார்த்த தாதி ஒருவர் தாமே அழைத்து, அன்று மாலையே எங்களை வரச் செய்தார். செயற்கை மூட்டு பொருத்தியவர்களைக் கிருமித் தொற்றுக்காக 90 நாட்கள் வரை கண்காணிப்பது வழக்கம் என்பதை அங்கேதான் அறிந்தோம்.

ஆயினும் வினாக்கள் யாவும் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றைப் படித்துச் சொல்லும் எங்கள் பேரன் பள்ளிக்கூடம் சென்றபின் செயலி ஊமையாகிவிடுகிறது. “விண்விண்ணென்று தெறிக்கிறது, இதற்கு என்னங்க நம்பர்?” என்கிறாள் அவள், எனக்கும் விடை தெரியவில்லை. இரவில் அனுப்பும் படத்தை எவர், எப்போது பார்ப்பார் என்பதும் அதில் குறிக்கப்படவில்லை. வினாக்களைத் தமிழிலும் அமைத்து, அவசர காலத்துக்கு மனிதர் பேசும் தொலைபேசி எண் ஒன்றையும் முகப்பிலேயே பொறிக்குமாறு ஆஸ்பத்திரி நிர்வாகிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், கும்பகோணம்