ஐஸ் மீனுக்கு மட்டும்தானா?

காசிமேட்டில் ஐசுக்கு என்ன பஞ்சம்? விடிவதற்கு முன்பே ஐஸ் பார்கள் வந்து இறங்குகின்றன. மிஷினில் போட்டு நொறுக்கி, விசைப்படகில் கொட்டிக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் ஐஸ் படுக்கை!

அந்த ஐஸ் மேலேயே சறுக்கி விளையாடலாம் என்று சொன்னால் நம்ம பிள்ளைகள் சிரிப்பார்கள். டி.வி.யில்தான் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆசைப்பட்டால் எங்கே போவது? சிம்லாவில் 1920 முதல் திறந்தவெளித் தளம் இருக்கிறது. குளிர்காலத்தில் ராத்திரி தண்ணீரைப் பாய்ச்சினால் காலையில் உறைந்துவிடும். டேராடூனில் 2011-இல் உள்ளரங்கத் தளம் கட்டினார்கள். பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2025-இல்தான் மறுபடி உயிர் வந்தது.

இங்கேயே ஒன்று கட்டினால் என்ன?

வித்தை புதுசில்லை. ஐஸ் கம்பெனியில் அம்மோனியாவை வைத்து உப்புத் தண்ணீரைக் குளிர வைக்கிறார்கள். அதில் இறக்கிய டப்பாவில் நல்ல தண்ணீர் கட்டியாகிறது. சறுக்குத் தளத்திலும் அதே கதைதான். தரைக்கு அடியில் குழாய். குழாயில் குளிர்ந்த உப்புத் தண்ணீர். மேலே ஐஸ்!

ஆனால் நம்ம கத்திரி வெயிலில் அது உருகாமல் இருக்க ராத்திரி பகலாகக் கரண்ட் வேண்டும். அந்தச் செலவை டிக்கெட்டில் ஏற்றினால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டுமா? டேராடூன் சொல்லும் பாடமும் இதுதான். கட்டுவது பெரிசில்லை, நடத்துவதுதான் பெரிசு.

அதற்காக ஆசையை விட வேண்டாம். இன்னொரு வழி இருக்கிறது. சக்கரம்!

2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் சக்கரச் சறுக்கில் தங்கம் வென்றவர் யார்? தமிழ்நாட்டு வீரர் ஆனந்த்குமார் வேல்குமார். இந்த விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர்!

அமெரிக்காவின் எரின் ஜாக்சனும் சக்கரத்தில் பழகியவர்தான். 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் மேல் 500 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். சக்கரம் பழகிய காலுக்கு ஐஸ் எட்டாத தூரம் இல்லை.

இதற்கு என்ன வேண்டும்? சக்கர ஷூ. தலைக்கவசம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் காப்பு. முழங்காலை லேசாக மடக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நிற்க வேண்டும். முதல் பாடம் ஓடுவது அல்ல, அடிபடாமல் விழுவது! இரண்டாவது பாடம், நிறுத்துவது. அப்புறம்தான் வேகம்.

எல்லாவற்றுக்கும் மேலே, வழவழப்பான சிமெண்டுத் தரை வேண்டும். பிடித்துப் பழகச் சுற்றிலும் கம்பி வேண்டும்.

கஷ்டம் அங்கேதான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள். சந்துக்குள் போனால் மேடும் பள்ளமும். பிள்ளைகள் எங்கே போய்ப் பழகுவார்கள்? லாரிச் சக்கரத்துக்கு நடுவே ஷூ சக்கரமா? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

வடசென்னை வளர்ச்சிக்கு 1000 கோடி ரூபாய் என்று 2023 பட்ஜெட்டில் சொன்னார்கள். நாம் கோடிக்கணக்கில் கேட்கவில்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று மாநகராட்சிக்கு இந்தப் பக்கம் மூன்று மண்டலம். மண்டலத்துக்கு ஒரு சக்கரச் சறுக்குத் தளம் இருக்க வேண்டும். அங்கே பிள்ளைகள் போட்டு ஓட இரவல் ஷூ இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வேண்டும். கட்டணம் கூடாது. ராத்திரி பூட்டுப் போட ஒரு காவலாளி, வெடிப்பு விட்டால் பூச ஒரு கொத்தனார். இவ்வளவுதான்!

வடசென்னைப் பெண் காசிமா 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுபவரின் மகள். ஆட ஒரு பலகை இருந்தது, உலகத்தையே ஜெயித்தார்.

ஓட ஒரு தரை கொடுத்துப் பாருங்களேன்!