காப்பியின் விலையில் உழைப்பின் பங்கு

பெங்களூருவில் காப்பியைப் பற்றிய விவாதம் ஓய்வதில்லை. ஒருபுறம், எங்கும் ஒரே சுவை, ஒரே விலைப்பட்டியல் என்று கிளை பரப்பும் பெருநிறுவனக் கடைகள். மறுபுறம், தோட்டத்தின் பெயரைப் பொட்டலத்தில் அச்சிட்டு, சிறுகச் சிறுக வறுத்து, கைப்பக்குவத்துடன் வடித்துத் தரும் கடைகள். ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் வாழும் தமிழ் உழைப்பாளர் குடும்பங்களுக்கு இவ்விரண்டின் விலையும் எட்டாதது. எனினும், இந்த விவாதம் நமக்கு அந்நியமானதன்று.

கைப்பக்குவத்தை ஏளனம் செய்வது நம் நோக்கமல்ல; பக்குவமும் உழைப்பே. ஆனால் அது வறுப்பவரின் கையில் தொடங்குவதில்லை. குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மலைச்சரிவுகளில், காயை விட்டுப் பழுத்ததை மட்டும் பறிப்பதற்காக ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வரும் தொழிலாளியின் விரல்களில் தொடங்குகிறது. பொட்டலத்தில் தோட்டத்தின் பெயர் உண்டு. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரமும் உண்டு. பறித்தவர் பெற்ற கூலி மட்டும் அதில் இல்லை.

சந்தை தானாக இந்த நிலைக்கு வந்துவிடவில்லை. 1989இல் சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை சரிந்தது. 1990களில் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பு விற்பனை முறையைத் தாராளமயம் படிப்படியாகக் கலைத்தது. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்குச் சிறு விவசாயி நேரடியாக ஆளானார். 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காபி டே தன் முதல் கடையைத் திறந்தது. 2012இல் டாட்டாவுடன் கைகோத்து ஸ்டார்பக்ஸ் இந்தியாவில் நுழைந்தது.

இதே நகரம் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. காப்பி வாரியம் தனது காப்பி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, தோழர் ஏ.கே. கோபாலன் வழிகாட்டலில் தொழிலாளர்கள் திரண்டனர். முதல் காப்பித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூருவில் உருவானது. பரிமாறியவர்களே உரிமையாளர்களாயினர். பெருமூலதனமின்றி, எளியவர்க்கு எட்டும் விலையில் காப்பிக்கடை நடத்த முடியும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

ஆயினும், கூட்டுறவு காப்பிக்கடையை மாற்றியதே தவிர, தோட்டத்தை எட்டவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் 2020ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்பு விழுங்கிவிட்டது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவை போராடிப் பெற்ற உரிமைகள். நிர்வாகம் மனமிரங்கித் தரும் சலுகைகளாக அவை சுருங்க விடலாகாது.

பெருநிறுவனக் கடைகளின் ஊழியர்களும் நம்மிடமிருந்து தொலைவில் இல்லை. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஸ்டார்பக்ஸ் ஊழியர்கள் வாக்களித்துச் சங்கம் அமைத்தனர். சீருடை அணிந்து புன்னகையுடன் பரிமாறும் இளைஞரும் தொழிலாளியே.

எனவே, பெருங்கடையா, கைப்பக்குவமா என்ற கேள்வியோடு நாம் நின்றுவிட முடியாது. தோட்டத்தில் வாழத்தக்க கூலி, கடைகளில் சங்க உரிமை, அரசு மருத்துவமனைகளிலும் ரயில் நிலையங்களிலும் கூட்டுறவுக் காப்பிக்கடைகளுக்குக் குறைந்த வாடகையில் இடம் ஆகிய மூன்று கோரிக்கைகளையும் ஒருசேர எழுப்புவோம். பறிப்பவரும் பரிமாறுபவரும் ஓரணியில் நிற்கும்போதுதான் காப்பியின் விலையில் உழைப்புக்கு உரிய பங்கு கிடைக்கும்.