பாறைக் கரைக்கும் ஆள் அனுப்புங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,



விம்கோ நகரில் மெட்ரோ விட்டு இறங்கி, எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டினால் கடல். மெரினா போல மணல் இருக்கும் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 1870களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் அரித்தது. வீடுகள் போயின, சாலை போயிற்று. மிச்சத்தைக் காக்கத்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கருங்கல்லைக் கொட்டினார்கள்.

இன்று அந்தக் கல் இடுக்குகள்தான் குப்பைக் கிடங்கு. குனிந்து பாருங்கள்: பால் கவர், ஷாம்பு பாக்கெட், ஒற்றைச் செருப்பு, பொடிப்பொடியான தெர்மோகோல், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியதுபோல் அறுந்த நைலான் வலை. இழுத்தால் வராது. அலை மோத மோத அது அங்கேயே கிழிந்து, துகளாகிக் கடலுக்குள் போகிறது. அதைத் தின்ற மீன்தான் நம் தட்டுக்கு வருகிறது.

இது எங்கோ வெளிநாட்டிலிருந்து மிதந்து வந்த குப்பை அல்ல. மழைக்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாறும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலில் கொட்டுகின்றன. அந்த மாதங்களில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். மீனவர்கள் அதை வன்னி என்பார்கள். மேற்கே கால்வாயில் விழுந்தது கிழக்கே எங்கள் கல்லில் வந்து ஏறுகிறது.

மெரினாவில் ஓடும் மணல் சலிக்கும் இயந்திரம் இங்கே ஒரு அடிகூட நகராது. கைதான் வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, ராமகிருஷ்ணா நகர் கரையில் கடைசியில் பக்கெட்டும் கையும்தானே வேலை செய்தன? அன்று பாதுகாப்பில்லாமல் இறங்கியவர்களை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. மறுபடி அப்படி யாரையும் இறக்கக் கூடாது.

ஆகவே கேட்கிறேன். பாறைக் கரைக்கென்று தனிக் குழு அமையுங்கள். கடலின் ஏற்ற வற்றம் தெரிந்த குப்பத்து ஆண்களையும் பெண்களையும் முறையான சம்பளத்தில் எடுங்கள். கையுறை, காலணி, கொக்கி, காப்பீடு கொடுங்கள். கூவத்தில் போட்ட மிதவைத் தடுப்புகள் போல, முகத்துவாரத்துக்கு முன்பே கால்வாயில் போடுங்கள். அரசின் மீன்வலைத் திட்டம் காசிமேட்டில் பழைய வலைகளைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கியது. திருவொற்றியூர் சூரை மீன்பிடித் துறைமுகத்திலும் அப்படியொரு மையம் வர நீங்கள் பேச வேண்டும். காசு கிடைக்கும் வலையை யாரும் கடலில் வீசமாட்டார்கள்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தடை இருக்கிறது, மஞ்சப்பை இயக்கமும் இருக்கிறது. இரண்டும் நல்லவையே. ஆனால் ஏற்கெனவே கல்லுக்குள் கிடப்பதை அவை எடுத்துத் தராது.

முதல் சுற்று ஐப்பசிக்கு முன்பே முடிய வேண்டும். மழை பிடித்துவிட்டால் கல் வழுக்கும், கடலும் ஏறும். யாரையும் இறக்க முடியாது.

இப்படிக்கு,
விம்கோ நகர்வாசி