மனை வாங்குவதிலும் அமானிதம் உண்டு

வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணம் நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனையாகவே மாறுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியெங்கும் நெல் விளைந்த வயல்களில் மனைக்கற்கள் நிற்பதைக் காண்கிறோம். விலையை விசாரிக்கிறோம், பத்திரத்தைப் பார்க்கிறோம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பவர் நம்மில் சிலரே.

எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வேளாண்மைக்கு என்பதை வரையறுக்கும் முழுமைத் திட்டங்களுக்கு அடிப்படை, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு இடத்தைப் பொது ஒதுக்கீடாக விட்டாக வேண்டும்.

இதை அரசின் கெடுபிடி என்று மட்டும் நினைப்பது சரியன்று. வழியின் அகலத்தில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. தெருவின் அகலமும் ஒரு ஹக்குதான். பூங்காவுக்கு விட்ட இடத்தைக் கூறுபோட்டு விற்பவரும், வடிகாலைத் தூர்த்துச் சுவர் எழுப்புபவரும் அண்டை வீட்டாரின் ஹக்கையே பறிக்கின்றனர். 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட துயரத்தை நாம் மறந்துவிடவில்லை. நீர் செல்லும் பாதையை அடைத்தால் அந்த நீர் அடுத்தவர் வீட்டுக்குள்தான் புகும்.

அங்கீகாரம் பெறுவதில் தாமதமும் செலவும் உண்டு என்பது உண்மையே. விலை குறைவு என்பதால்தான் ஏழைகள் அங்கீகாரமற்ற மனையை நாடுகின்றனர். ஆனால், இறுதியில் இழப்பும் அவர்களுக்கே. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவைத் தடுத்தபோது பலர் திகைத்து நின்றனர். 2017இல் வந்த வரன்முறை விதிகள் 20.10.2016க்கு முந்தைய மனைகளுக்கே வழிவிட்டன. நீர்நிலைகளில் அமைந்தவற்றுக்கு அந்தச் சலுகையும் இல்லை. எனவே, குறையை மறைத்து விற்பவர் மார்க்கத்தின் பார்வையிலும் குற்றவாளியே. அந்த வியாபாரத்தில் பரக்கத் இராது.

நம் ஜமாஅத்துகள் இதில் வழிகாட்ட வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் அங்கீகார எண்ணையும், நில அளவைப் படத்தில் வாய்க்கால் ஏதும் குறுக்கிடுகிறதா என்பதையும் விவரம் அறிந்தவர் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும், பல குடும்பங்கள் காக்கப்படும். வரைவு முழுமைத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டம் அவகாசம் தருகிறது. அதனை நாம் தவறவிடக் கூடாது.

பிறர் உரிமை கலவாத இல்லங்களில் நாம் வாழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.