இரண்டு நகரங்கள் இல்லாதவன்

குழந்தைக்குச் சரித்திரம் தெரிய வேண்டும் என்று சொல்லி இப்போது பெற்றோர் பெட்டி பெட்டியாக விளையாட்டு வாங்குகிறார்கள். எகிப்தும் பாபிலோனும் ரோமும் அட்டையாகி மேஜைமேல் விரிகின்றன. தாராளமாக ஆடட்டும். ஆனால் அதைச் சரித்திரம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்த வகைக்கு மூதாதை, 1980-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் டிரெஷாம் கொண்டுவந்த ‘சிவிலிசேஷன்’. கெட்டிக்கார ஆட்டம், சந்தேகமில்லை. பகடை கிடையாது; பண்டமாற்றுப் பேரம் அமர்க்களப்படும். என் சண்டை அதன் விதிகளோடுதான். கற்காலத்தைத் தாண்டி வெண்கலக் காலத்தில் காலெடுத்து வைக்க இரண்டு நகரங்கள் வேண்டும். வணிகச் சீட்டும் நகரம் உள்ளவனுக்குத்தான். அந்த வருமானத்தைக் கொண்டுதான் மண்பாண்டக் கலையையே வாங்க வேண்டும். நகரத்தைக் கட்டி முடித்துவிட்டுச் சட்டி வனையப் போன குயவனை யாராவது கண்டதுண்டா, ஐயா? நகரம் பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் பானை செய்துவிட்டான்.

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வுகள் 2011-இலும் 2018-இலும் வெளிவந்தன. சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கைக்கோடரி செய்திருக்கிறார்கள். சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அதை மெல்ல விட்டுவிட்டு, கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்திச் சில்லு பெயர்க்கும் புது முறைக்கு வந்திருக்கிறார்கள். ஒரு நகரம்கூட இல்லாமல் யோசித்தவர்கள்! ஆட்டத்தில் இவர்களுக்கு ஒரு சீட்டும் கிடைக்காது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகள் வந்த பிறகுதான் இந்தச் சீமைக்கு நாகரிகம் வந்தது என்று பேசுகிற பெரிய மனிதர்களும் இதே விதியைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

இதையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். 1991-இல் அமெரிக்காவில் அவலான் ஹில் நிறுவனம் இதை விரிவாக்கி வெளியிட்ட ஆட்டத்தின் ஆபத்துச் சீட்டுகளைப் பாருங்கள். வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய். இவற்றோடு ‘அடிமைகள் கலகம்’! யாருக்கு ஆபத்து? எஜமானுக்கு. ஆடுகிற குழந்தை எப்போதும் எஜமான்தான். அடிமையாக ஆட அந்தப் பலகையில் இடமே கிடையாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் இதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர்களும் ஒடிசாக்காரர்களும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தச் சீட்டை எப்படி விளக்குவீர்கள்?

திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடுகிற ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. இந்த ஆட்டத்தில் புலியாக இருந்தவன் அடுத்த ஆட்டத்தில் ஆடாக உட்கார வேண்டும். ஆடுகள் நெருக்கி நின்று புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரனுக்கு ஜெயம். அதற்கு ஆபத்து என்று பெயர் வைக்க எந்தப் பாட்டிக்கும் தோன்றியதில்லை.